சளி கழிவா, காப்பா? மியூசின்கள் குறித்து ஒரு விரிவான பதில்

‘சளி என்பது உடல் வெளியே தள்ள வேண்டிய கழிவுதானே, மருந்து கொடுத்து அதை முழுவதுமாக அறுத்தெடுத்துவிட்டால் நல்லதல்லவா, மியூசின் என்ற ஒன்றைப் பற்றி எதற்காக இவ்வளவு ஆராய்ச்சி நடக்கிறது?’ என்பது கேள்வி. சளி கழிவன்று. கண்ணின் மேற்பரப்பு, மூக்கு, மூச்சுக்குழாய், இரைப்பை, குடல், கருப்பைக் கழுத்து என்று தோல் மூடாத இடங்களிலெல்லாம் உடல் ஒவ்வொரு நாளும் புதிதாகச் செய்து விரிக்கும் ஒரு காப்பு அது. அதைக் கூழாக்கி நிறுத்தும், சர்க்கரை பொதிந்த புரதம்தான் மியூசின். நோயில் கெட்டுப்போவது பெரும்பாலும் அந்தக் காப்பின் தன்மைதான். ஆகவே மருத்துவத்தின் வேலை அதை அகற்றுவது அன்று, அதன் இயல்பான நிலைக்குத் திருப்புவது. இதை அறிவியல் புரிந்துகொள்ளத் தாமதமானதற்கும் ஒரு காரணம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. மூக்கடைத்து இருமும்போது ‘சளி பிடித்திருக்கிறது’ என்கிறோம்; அங்கே சளி என்பது நோயின் பெயர். கபம் என்பது சித்த, ஆயுர்வேத மருத்துவங்களில் வாதம், பித்தம் ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்படும் ஒரு கருத்து; அதை இருமலில் வரும் பொருளோடு மட்டும் ஒன்றாக்கிவிட முடியாது. உயிரியல் பாடநூல்கள் கோழை என்று எழுதுவது, உட்பரப்புகளை மூடியிருக்கும் வழவழப்பான கூழைத்தான். இந்தப் பதிலில் சளி என்று நான் எழுதும் இடங்களிலெல்லாம் அந்தக் கூழையே குறிக்கிறேன்.

நலமான ஒருவரின் மூச்சுக்குழாய்ச் சளியில் ஏறத்தாழ 98 சதவீதம் தண்ணீர். மிச்சமுள்ள 2 சதவீதத்தில் உப்புகள், கொழுப்புகள், பலவகைப் புரதங்கள் ஆகியவற்றோடு மியூசின்களும் அடங்கும். அளவில் இவ்வளவு சிறியதாக இருந்தும், தண்ணீரைக் கூழாக நிறுத்தி வைப்பது மியூசின்தான். அதன் கட்டமைப்பைப் பார்த்தால் காரணம் விளங்கும். நீண்ட புரத இழை ஒன்று நடுவில் இருக்க, அதன் மீது நூற்றுக்கணக்கான சர்க்கரைத் தொடர்கள் நெருக்கமாகக் குத்திட்டு நிற்கின்றன. பால் புட்டியைக் கழுவும் பிரஷ்ஷை மனத்தில் கொண்டுவந்தால் உருவம் சரியாகக் கிடைக்கும். நடுக்கம்பி புரதம், சுற்றியுள்ள மயிர்கள் சர்க்கரை. எடையில் 80 சதவீதம் வரை சர்க்கரையாகவே இருக்கக்கூடும். அந்தச் சர்க்கரைகள் தண்ணீரை ஈர்த்துப் பிடிக்கின்றன. அவற்றில் பல எதிர்மின்னூட்டம் கொண்டவை என்பதால் ஒன்றையொன்று தள்ளி, இழையை விறைப்பாக நீட்டி வைக்கின்றன. இழைகளின் இரு முனைகளும் கந்தகப் பிணைப்புகளால் அடுத்தடுத்த இழைகளோடு கோக்கப்பட, முடிவில் ஒரு வலை உருவாகிறது.

மனிதரிடம் ஏறத்தாழ 20 மியூசின் மரபணுக்கள் அறியப்பட்டுள்ளன. மக்-1, மக்-2 என்று எண்ணிட்டு அவற்றை அழைக்கிறார்கள். அவற்றில் மக்-2, மக்-5ஏசி, மக்-5பி, மக்-6 போன்றவை செல்லுக்கு வெளியே கொட்டப்பட்டுக் கூழாகின்றன. மக்-1, மக்-4, மக்-16 போன்றவை செல்லின் சவ்விலேயே வேரூன்றி நிற்கின்றன.

இந்த மியூசின்கள் சுரக்கும் விதம் எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. கோப்பை வடிவச் செல்கள் அவற்றைச் சிறு பைகளுக்குள் இறுக்கமாக மடித்து அடுக்கி வைத்திருக்கின்றன. பைக்குள் கால்சியம் மிகுதி, அமிலத்தன்மையும் சற்று அதிகம். கால்சியம் எதிர்மின்னூட்டங்களை அடக்கிப் பிடித்துக்கொள்வதால்தான் அவ்வளவு பெரிய மூலக்கூறு அவ்வளவு சிறிய இடத்தில் அடங்குகிறது. பை திறந்ததும், வெளியே உள்ள பைகார்பனேட் என்ற காரத்தன்மையுள்ள உப்பு அந்தக் கால்சியத்தை விலக்கிவிட, மியூசின் தண்ணீரை உறிஞ்சி நூறு மடங்குக்கும் மேல் விரிகிறது. இந்த ஒரு படி தவறினால் சளி விரியாமல், இறுகிய கட்டியாகச் செல்லோடு ஒட்டிக்கொள்ளும். பைகார்பனேட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது மறுபடியும் வரும்.

பெருங்குடலில்தான் இந்தத் துறை தன் பார்வையையே மாற்றிக்கொண்டது. அங்கே கோடிகோடியான பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றுக்கும் நம் உடலுக்கும் நடுவில் இருப்பதோ ஒற்றை அடுக்குச் செல்கள். இத்தனை பாக்டீரியாக்கள் இவ்வளவு அருகில் இருந்தும் குடல் ஏன் எப்போதும் அழற்சியில் எரிந்துகொண்டிருக்கவில்லை என்பது நீண்ட நாள் புதிர். விடை கண்முன்னே இருந்தும் தெரியாமல் போனதற்குக் காரணம் ஆய்வுக்கூடப் பழக்கம் ஒன்று. திசுவை நுண்ணோக்கியில் பார்க்க அதை முதலில் ஏதேனும் கரைசலில் பதப்படுத்த வேண்டும். உலகெங்கும் அதற்குப் பயன்படுத்தியது தண்ணீரில் கலந்த ஃபார்மலின். அதில் சளிப்படலம் சுருங்கி, குலைந்து, ஏறத்தாழ மறைந்தே போகிறது. தண்ணீர் கலவாத கார்னாய் கரைசலில் பதப்படுத்தினால் படலம் குலையாமல் நிற்கிறது. ஸ்வீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழகத்தில் குன்னார் ஹான்சன் குழுவினர் இந்த வழியில் எலியின் பெருங்குடலைப் பார்த்து 2008இல் வெளியிட்ட ஆய்வு, அங்கே சளி இரண்டு அடுக்காக இருப்பதைக் காட்டியது. இரண்டும் மக்-2 என்ற ஒரே மியூசினால் ஆனவை. செல்களோடு ஒட்டிய உள்ளடுக்கு, எலியில் ஏறத்தாழ 50 மைக்ரோமீட்டர் தடிப்பில், நெருக்கமாகவும் பாக்டீரியாக்கள் அற்றதாகவும் இருந்தது. தளர்ந்த வெளியடுக்கில் மட்டுமே அவை குடியிருந்தன. நூறாண்டுக்கும் மேலாக நுண்ணோக்கியில் குடலைப் பார்த்துவந்த கண்களுக்கு இந்த உள்ளடுக்கின் உண்மை நிலை தெரியாமல் இருந்தது என்றால், பார்க்கத் தெரியாததால் அன்று, பார்ப்பதற்கு முன்பே அதைக் கரைத்துவிட்டதால்தான். பதப்படுத்தும் கரைசலைத் தேர்ந்தெடுப்பது போன்ற சிறு முடிவு ஒரு துறையின் அறிவை எவ்வளவு தூரம் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அந்த உள்ளடுக்கு எவ்வளவு தேவையானது என்பதை மரபணு நீக்கிய எலிகள் காட்டின. மக்-2 இல்லாத எலிகளில் பாக்டீரியாக்கள் செல்களை நேரடியாகத் தொடுகின்றன; பெருங்குடல் அழற்சி தானாகவே வருகிறது; வயது ஏறும்போது குடலில் புற்றுநோய்க் கட்டிகளும் தோன்றுகின்றன. அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் என்னும் பெருங்குடல் அழற்சி முற்றியிருக்கும் மனிதர்களிடமும், உள்ளடுக்கின் வழியே பாக்டீரியா அளவிலான துகள்கள் ஊடுருவிச் செல்வதைப் பின்னர் வந்த ஆய்வுகள் கண்டன. எது முதலில் வருகிறது, சளியின் குறையா, அழற்சியா என்ற கேள்வி மனிதர்களைப் பொறுத்தவரை இன்னும் முடிவாகவில்லை.

பாக்டீரியாக்களைச் சளி விலக்கி வைக்க மட்டும் செய்யவில்லை, வெளியடுக்கில் அவற்றுக்கு உணவும் அளிக்கிறது. நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் 2004இல் விவரிக்கப்பட்ட அக்கர்மான்சியா மியூசினிஃபிலா என்ற பாக்டீரியாவின் பெயரிலேயே ‘மியூசினை விரும்புவது’ என்ற பொருள் இருக்கிறது. மியூசினின் சர்க்கரைகளைத் தின்றே அது வாழ வல்லது. சளி தொடர்ந்து புதுப்பிக்கப்படும் வரை இது கேடு அல்ல. ஆனால் நாம் உண்ணும் உணவில் நார்ச்சத்து இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் எரிக் மார்ட்டென்ஸ், லக்ஸம்பர்க்கின் மகேஷ் தேசாய் ஆகியோரின் குழு 2016இல் ஆராய்ந்தது. மனிதக் குடலுக்குரிய 14 பாக்டீரியாக்களை மட்டும் குடியேற்றிய எலிகளுக்கு நார்ச்சத்தற்ற உணவைக் கொடுத்தபோது, அவற்றில் சில பாக்டீரியாக்கள் சளியையே உணவாக்கிக்கொண்டன; படலம் மெலிந்தது; அதன்பின் குடலைத் தாக்கும் ஒரு கிருமியைச் செலுத்தியபோது எலிகள் கடுமையாக நோயுற்றன. 2015இல் வெளியான வேறோர் ஆய்வு, பதப்படுத்திய உணவுகளில் சேர்க்கப்படும் கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ், பாலிசார்பேட் 80 என்ற இரு பால்மமாக்கிகள் (எண்ணெயும் நீரும் பிரியாமல் கலந்து நிற்கச் செய்பவை) எலிகளில் பாக்டீரியாக்களைச் செல்களுக்கு நெருக்கமாகக் கொண்டுவருவதைக் காட்டியது. இவை எலிகளில் கிடைத்த முடிவுகள் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கீரையும் முழுத்தானியமும் உண்டால் இத்தனை மைக்ரோமீட்டர் சளி கூடும் என்று எவரேனும் விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம். ஆனால் நார்ச்சத்து குடலுக்கு நல்லது என்ற பழைய அறிவுரைக்குப் புதிய, வலுவான விளக்கம் ஒன்று கிடைத்திருக்கிறது என்பது உண்மை.

இரைப்பையில் வேலை வேறு. அங்கே உள்வெளியில், அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 1 முதல் 2 வரை (அளவு குறையக் குறைய அமிலம் அதிகம்; 7 நடுநிலை). தசையையே செரிக்கும் அமிலம். மக்-5ஏசி, மக்-6 ஆகியவை சேர்ந்த சளிப்படலத்துக்குள் செல்கள் பைகார்பனேட்டைச் சுரந்து தேக்குவதால், செல்களை ஒட்டிய இடத்தில் பி.எச். ஏறத்தாழ நடுநிலைக்கு வந்துவிடுகிறது. இந்த வேறுபாட்டைத்தான் ஹெலிகோபேக்டர் பைலோரி தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது. இரைப்பைப் புண்ணோடு அந்தப் பாக்டீரியாவுக்குள்ள தொடர்பைக் கண்டறிந்ததற்காக பேரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். சுருள் வடிவம் கொண்ட அது, திருகாணி மரத்தில் இறங்குவது போலச் சளியைத் துளைத்துச் செல்கிறது என்றே பலரும் எண்ணியிருந்தார்கள். 2009இல் வெளியான ஓர் ஆய்வு வேறொன்றைக் காட்டியது: அது யூரியாவை உடைத்து அம்மோனியாவை உண்டாக்கிச் சுற்றிலும் அமிலத்தைக் குறைக்கிறது, பி.எச். 4க்கு மேல் போனதும் இரைப்பை மியூசினின் கூழ் தானே இளகுகிறது. இளகிய பாதையில் அது நீந்திச் செல்கிறது. இதற்கு எதிரான ஆயுதமும் சளியிலேயே இருக்கிறது என்பது கூடுதல் செய்தி. இரைப்பையின் ஆழத்தில் சுரக்கும் மக்-6 தாங்கியுள்ள ஒரு தனிவகைச் சர்க்கரை, அந்தப் பாக்டீரியாவின் செல்சுவர் உருவாவதைத் தடுப்பதை ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 2004இல் கண்டார்கள்.

இனி மூச்சுக்குழாய். கேள்வி கேட்டவரின் மனத்தில் இருப்பதும் இதுவாகத்தான் இருக்கும். நாம் உள்ளிழுக்கும் தூசியும் கிருமியும் சளியில் ஒட்டிக்கொள்ள, செல்களின் மேல் உள்ள, மயிர் போன்ற குறுயிழைகள் நொடிக்குப் பத்து முறைக்கும் மேல் அசைந்து அந்தச் சளியைத் தொண்டையை நோக்கி ஏற்றுகின்றன. நாமும் அறியாமல் விழுங்கிவிடுகிறோம். குறுயிழைகள் வெறும் நீரில் அசைகின்றன, அந்த நீரின் மேல் சளி மிதக்கிறது என்பது பழைய விளக்கம். அப்படியானால் மேலே உள்ள சளி ஏன் கீழே இறங்கி நீரில் கலந்துவிடவில்லை என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. வட கரோலினா பல்கலைக்கழகத்தினர் 2012இல் அதற்கு விடை தந்தார்கள்: குறுயிழைகளின் மீதே மக்-1, மக்-4 போன்ற மியூசின்கள் அடர்ந்து நிற்கின்றன, அந்த அடர்த்தி சளியைக் கீழே இறங்க விடுவதில்லை. இரு அடுக்குகளும் தண்ணீருக்குப் போட்டியிடுகின்றன. நலமான நிலையில் மேலடுக்கு தளர்வாக இருப்பதால் போட்டி சமநிலையில் நிற்கிறது. மேலடுக்கில் மியூசின் செறிவு கூடிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அது கீழடுக்கின் தண்ணீரையே உறிஞ்சிவிடுகிறது, குறுயிழைகள் படுத்துவிடுகின்றன, சளி நகராமல் ஒட்டிக்கொள்கிறது. நெடுநாள் புகைபிடித்து மூச்சுக்குழாய் அடைப்பு நோய் முற்றியவர்களின் சளியில் மியூசின் செறிவு, ஒருபோதும் புகைபிடிக்காதவர்களுடையதைப் போல ஏறத்தாழ இரு மடங்காக இருப்பதை 2017இல் அளந்து காட்டியிருக்கிறார்கள். ‘சளி அதிகமாகிவிட்டது’ என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் நடந்திருப்பது, சளியில் தண்ணீருக்கும் மியூசினுக்கும் உள்ள விகிதம் கெட்டுப்போனதுதான்.

இந்தக் கருத்தின் மிகக் கடுமையான வடிவம் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் பிறவி நோய். 1938இல் நியூயார்க்கில் டோரதி ஆண்டர்சன் இதைத் தனி நோயாக விவரித்தார். 1989இல் அதற்குக் காரணமான சி.எஃப்.டி.ஆர். மரபணு கண்டறியப்பட்டது. அந்த மரபணு உருவாக்கும் புரதம், குளோரைடையும் பைகார்பனேட்டையும் செல்லிலிருந்து வெளியே விடும் ஒரு வாயில். குளோரைடு வராவிட்டால் தண்ணீர் வராது. பைகார்பனேட் வராவிட்டால் மியூசின் சரியாக விரியாது. நுரையீரலில் சளி கட்டிப்பட்டு, அதில் சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகின்றன. இது இந்தியர்களுக்கு வராத நோய் என்ற பழைய எண்ணம் தவறு. இங்கே பல குழந்தைகளிடம் அது காசநோய் என்றோ ஆஸ்துமா என்றோ எண்ணப்பட்டுத் தவறிப்போகிறது.

அந்நோய்க்கு வந்த மருந்துகளின் வரிசை, சளியைப் பற்றிய அறிவு வளர்ந்த வரிசையும் ஆகும். இறந்த வெள்ளணுக்களிலிருந்து கொட்டிய டி.என்.ஏ. சளியை மேலும் கெட்டியாக்குவதால், டி.என்.ஏ.வை வெட்டும் நொதி 1993இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பிறகு 7 சதவீத உப்புக் கரைசலை ஆவியாக்கி இழுக்கும் சிகிச்சை. உப்பு தண்ணீரைக் காற்றுப்பாதைக்குள் இழுத்துக் கொண்டுவருகிறது. ஆஸ்திரேலியாவில் கடலலையில் சறுக்கி விளையாடும் நோயாளிகளின் உடல்நிலை சற்று மேம்பட்டிருந்ததை மருத்துவர்கள் கவனித்தது இதற்கு ஒரு தூண்டுதல். 2019இல் அனுமதி பெற்ற மூன்று மருந்துகளின் கூட்டு, பழுதுபட்ட வாயிலையே ஓரளவு சரிசெய்கிறது. அதைத் தொடங்கிய பலரிடம் சில நாட்களுக்குள்ளேயே சளி இளகி வெளியேறத் தொடங்குகிறது. அவர்களுடைய மியூசினை எவரும் அகற்றவில்லை; தண்ணீரும் பைகார்பனேட்டும் திரும்பக் கிடைத்ததும் அதே மியூசின் தன் வேலையைச் செய்கிறது.

‘சளியை அறுக்கும்’ மருந்துகள் பற்றிக் கேட்கப்பட்டதால் சில வரிகள். அசிட்டைல் சிஸ்டைன், மியூசின் இழைகளைக் கோக்கும் கந்தகப் பிணைப்புகளை உடைக்க வல்லது; சோதனைக் குழாயில் அது தெளிவாகத் தெரிகிறது, நோயாளியிடம் பலன் அவ்வளவு வலுவாக இல்லை. புரோம்ஹெக்சின் நம் ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்ற பொருளை அடிப்படையாகக் கொண்டு செயற்கையாக உருவாக்கப்பட்டது. அம்புராக்சால் அதிலிருந்து வந்தது. நம் வீட்டுக் கஷாயத்துக்கும் மருந்துக்கடைப் புட்டிக்கும் இடையில் இப்படி ஓர் உண்மையான உறவு உண்டு. சாதாரணச் சளிக்காய்ச்சலில் இவை எதுவும் பெரிய மாற்றம் செய்வதில்லை. தானாகவே குணமாகும் நோய் அது. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறியதும் ஆன்டிபயாடிக் கேட்பவர்கள் ஒன்றை அறிய வேண்டும்: அந்தப் பச்சை நிறம் நம் வெள்ளணுக்களில் உள்ள, இரும்பு சேர்ந்த ஒரு நொதியின் நிறம். வைரஸ் தொற்றிலும் அது வரும். நிறத்தை மட்டும் வைத்து ஆன்டிபயாடிக் தொடங்குவது சரியன்று. சளியில் இரத்தம் வந்தாலோ, இருமல் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, மூச்சுத்திணறல் இருந்தாலோ மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். நம் நாட்டில் காசநோயை நினைவில் வைக்காமல் இருக்க முடியாது.

இப்போது துறையில் மிகவும் சூடாக நடக்கும் ஆராய்ச்சி, மியூசினின் சர்க்கரைகளைப் பற்றியது. 1936இல் ஸ்வீடனைச் சேர்ந்த குன்னார் பிளிக்ஸ் மாட்டின் உமிழ்நீர்ச் சுரப்பி மியூசினிலிருந்து ஒரு சர்க்கரையைப் பிரித்தெடுத்தார். உமிழ்நீரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அது பின்னர் சயாலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. இன்ஃப்ளுயென்சா வைரஸ் நம் செல்களில் பற்றிக்கொள்வது இந்தச் சர்க்கரையைத்தான். சளி முழுவதும் அதே சர்க்கரை நிறைந்திருப்பதால் வைரஸ் செல்லை அடையும் முன்பே சளியில் சிக்கிக்கொள்கிறது. அதிலிருந்து விடுபட அது நியூராமினிடேஸ் என்ற நொதியால் சர்க்கரையை வெட்டிக்கொண்டு முன்னேறுகிறது. இன்ஃப்ளுயென்சாவுக்குத் தரப்படும் ஓசெல்டாமிவிர் மருந்து தடுப்பது அந்த நொதியைத்தான். இதைவிட எதிர்பாராத ஒன்றை அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கேத்தரினா ரிபெக் குழுவினர் கண்டார்கள். மியூசினிலிருந்து தனியே பிரித்த சர்க்கரைத் தொடர்களைச் சூடோமோனாஸ் பாக்டீரியாவோடு சேர்த்தபோது, பாக்டீரியா சாகவில்லை. ஆனால் நச்சுப்பொருள்களை உண்டாக்கும் மரபணுக்களைத் தணித்துக்கொண்டு அடங்கியது. 2019இல் வெளியான இந்த முடிவு, சளியைக் கிருமியைச் சிக்கவைக்கும் வலையாக மட்டும் பார்த்த பார்வையை மாற்றியது. கிருமியைக் கொல்லாமல் சாதுவாக்கும் மருந்து சாத்தியமா என்று இப்போது தேடுகிறார்கள். கொல்லாததால் எதிர்ப்புத்திறன் உருவாகும் வாய்ப்பும் குறையலாம் என்பது அவர்களுடைய நம்பிக்கை.

சவ்வில் நிற்கும் மியூசின்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சூலகப் புற்றுநோய்க்காகச் செய்யப்படும் சி.ஏ.-125 என்ற இரத்தப் பரிசோதனை அளப்பது மக்-16 என்னும் மியூசினைத்தான்; மார்பகப் புற்றுநோயைத் தொடர்ந்து கண்காணிக்க உதவும் சி.ஏ. 15-3 என்பது மக்-1. இந்த அளவுகள் கூடினாலே புற்றுநோய் என்று அஞ்சத் தேவையில்லை. மாதவிடாய், கருவுறுதல், எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்படலம் போன்ற திசு வெளியே வளரும் நோய்), வயிற்றுக் காசநோய் ஆகியவற்றிலும் சி.ஏ.-125 உயரும். கண்ணிலும் மியூசின்தான் கண்ணீரைப் பரப்பில் விரித்து நிறுத்துகிறது. வைட்டமின் ஏ குறைந்தால் அங்குள்ள கோப்பை வடிவச் செல்கள் அழிந்து கண் உலர்ந்துபோகிறது.

‘முழுவதுமாக அறுத்தெடுத்துவிட்டால்?’ என்ற கேள்விக்கு நேரடியான விடை மக்-5பி என்ற மியூசினிடம் இருக்கிறது. அதை நீக்கிய எலிகளின் நுரையீரலில் பாக்டீரியாக்கள் குவிந்து, பல எலிகள் முன்கூட்டியே இறந்தன என்று 2014இல் காட்டப்பட்டது. மக்-5ஏசியை நீக்கிய எலிகளுக்கு அப்படி நேரவில்லை. ஆகவே மூச்சுக்குழாய்க்கு மக்-5பி இல்லாமல் தீராது. ஆனால் அதே மரபணுவின் முன்பகுதியில் உள்ள ஒரு மாற்றம், மக்-5பியை மிகுதியாக உருவாக்கச் செய்வது, காரணமறியா நுரையீரல் நார்த்திசு நோய் (நுரையீரல் வடுப்பட்டு இறுகும் நோய்) உள்ளவர்களில் 38 சதவீதத்தினரிடமும் நோயற்றவர்களில் 9 சதவீதத்தினரிடமும் இருப்பதை 2011இல் வெளியான ஆய்வு கண்டது. மேலும் வியப்பானது, அந்நோய் வந்தவர்களுள் இந்த மாற்றம் உள்ளோர், இல்லாதவர்களைவிடக் கூடுதல் காலம் வாழ்கிறார்கள் என்பது. மிகுந்தால் வடுவும், இல்லாவிட்டால் தொற்றும் தரும் இந்த ஒரு மியூசினை எந்த அளவில் நிறுத்த வேண்டும், யாரிடம், எந்த வயதில் என்பதைத்தான் நுரையீரல் ஆராய்ச்சியாளர்கள் இப்போது கணக்கிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.